எல்டர்பெரி: வேலியோரத்தில் ஒரு சமையலறைப் பயிர்

ஒண்டாரியோவில் குளிர் தொடங்கியதும் மருந்துக்கடை அலமாரியின் முன்வரிசைக்கு வந்துவிடும் அந்தச் சின்ன பாட்டிலை நீங்களும் பார்த்திருப்பீர்கள். கறுஞ்சிவப்பு நிறம், லேசான புளிப்பு வாசம், எல்டர்பெரி சிரப் என்று பெயர். பிள்ளைக்கு இருமல் என்றதும் விலையைப் பார்க்காமல் எடுத்து வந்துவிடுகிறோம். அந்தப் பழம் விளையும் செடி இந்த மண்ணின் சொந்தச் செடி என்பதும், யாரும் நடாமலே சாலையோரப் பள்ளங்களில் வளர்கிறது என்பதும், இரண்டு கன்று வைத்தால் ஒரு குடும்பத்துக்கு ஆண்டு முழுக்கப் போதும் என்பதும் நம்மவர்களில் பலருக்குத் தெரியவில்லை. அதனால்தான் இந்தப் பதிவு. நீளமாகத்தான் வரும், ஏனென்றால் வளர்ப்பது சுலபமாக இருந்தாலும் பறித்த பிறகு தெரிந்துகொள்ள வேண்டியவை நிறைய இருக்கின்றன. அவற்றை அரைகுறையாகச் சொல்லக் கூடாது.

ஜூலைத் தொடக்கத்தில் டொராண்டோவை விட்டுக் கொஞ்ச தூரம் வண்டியில் போங்கள். வடிகால் ஓரத்தில் ஆளுயரத்துக்கு மேல் புதராக நின்று, தட்டுத்தட்டாக வெள்ளைப் பூ பூத்திருக்கும். அதுதான் எல்டர். ஆகஸ்ட் கடைசியில் அதே தட்டுகள் கறுத்து, கனம் தாங்காமல் கவிழ்ந்து தொங்கும். ஊரிலிருந்து அம்மா போனில் கேட்டாள், "ஏண்டி, மணத்தக்காளி மாதிரி இருக்குமா?" அதைவிடக் கொஞ்சம் சின்னது, நிறம் அதேதான், ஒரு கொத்தில் நூற்றுக்கணக்கில் இருக்கும் என்றேன். "அப்படின்னா ஆய்ஞ்சு எடுக்குறதுக்குள்ள உயிர் போயிடுமே" என்றாள். ஆயும் கதைக்குப் பிறகு வருகிறேன்.

இங்கே இயற்கையாக வளர்வது அமெரிக்க எல்டர், தாவரவியல் பெயர் சாம்புகஸ் கனடென்சிஸ். ஐரோப்பாவில் இருப்பது சாம்புகஸ் நைக்ரா. இரண்டும் மிக நெருங்கிய உறவு. சில தாவரவியலாளர்கள் இரண்டையும் ஒரே இனத்தின் கிளைகளாகவே வைக்கிறார்கள். இமயமலைப் பக்கம் இதற்கு ஓர் உறவுக்காரச் செடி உண்டு, அதன் பெயர் சாம்புகஸ் வைட்டியானா. சென்னை மாகாணத்தில் தாவர ஆராய்ச்சி செய்து, கோயம்புத்தூரில் பருத்திச் சோதனைப் பண்ணைகளை நடத்திய ராபர்ட் வைட்டின் நினைவாக வந்த பெயர் அது. எல்டருக்கும் நம் பக்கத்துக்கும் இப்படி ஒரு தொடர்பு இருப்பது எனக்குப் பெரிய மகிழ்ச்சி.

அடையாளம் சரியாகத் தெரிய வேண்டும், முக்கியமாகக் காட்டில் பறிக்கப் போகிறவர்களுக்கு. எல்டரில் இலைகள் தண்டின் இருபுறமும் எதிரெதிராக இருக்கும். ஒவ்வோர் இலையும் ஐந்து முதல் பதினொன்று வரை சிற்றிலைகள் கொண்ட கூட்டிலை. தண்டின் பட்டையில் சொரசொரவென்று புள்ளிகள். தண்டைக் குறுக்கே வெட்டினால் நடுவில் வெள்ளைச் சோறு, நம் நெட்டி போல மெத்தென்று இருக்கும். பள்ளி ஆய்வுக்கூடத்தில் நிலைமின்சாரம் காட்ட நூலில் தொங்கவிடும் சின்ன உருண்டையை ஐரோப்பாவில் இந்த எல்டர் சோற்றில்தான் செய்துவந்தார்கள்.

இதே ஈரப் பள்ளங்களில் வாட்டர் ஹெம்லாக் என்று ஒரு செடி வளர்கிறது. அதுவும் வெள்ளைப் பூக்குடை விரிக்கும். வட அமெரிக்காவின் மிகக் கொடிய நச்சுச்செடிகளில் ஒன்று அது. அதன் இலைகள் எதிரெதிராக அமையாமல் மாறி மாறி அமைந்திருக்கும், தண்டு கட்டையாகாது. போக்வீட் என்று இன்னொன்று, கறுப்புப் பழம்தான், ஆனால் திராட்சைக் குலை போல நீளமாகத் தொங்கும், தண்டு ரோஸ் நிறத்தில் இருக்கும். எல்டரிலேயே சிவப்பு எல்டர் என்று தனி இனம் உண்டு. அது மே மாதமே பூத்துவிடும், பூங்கொத்து தட்டையாக இல்லாமல் கூம்பாக இருக்கும், தண்டுக்குள் சோறு பழுப்பு நிறம். அதன் பழத்தைத் தொட வேண்டாம் என்பதே என் கருத்து. சாலையோரத்துச் செடியில் பறிப்பதும் எனக்குச் சம்மதமில்லை. குளிர்காலத்தில் கொட்டும் உப்பும் வண்டிப்புகையும் அந்தப் பள்ளத்தில்தான் போய்ச் சேருகின்றன. இவ்வளவு யோசிப்பதைவிட வீட்டிலேயே வைத்துவிடுவது நல்லது.

எந்த வகை வைக்கலாம்? நியூயார்க் மாநிலத்தில் தேர்ந்தெடுத்த ஆடம்ஸ், யார்க் இரண்டும் பழைய, நம்பகமான வகைகள். கனடாவிலேயே, நோவா ஸ்கோஷியாவின் கென்ட்வில் ஆய்வு நிலையத்தில் உருவானவை நோவா, ஸ்கோஷியா, கென்ட், விக்டோரியா, ஜான்ஸ். இந்தக் குளிருக்கு என்றே பிறந்தவை. நான் வைத்திருப்பது நோவாவும் யார்க்கும். எல்டர் தனியாக நின்றாலும் கொஞ்சம் காய்க்கும், ஆனால் இரண்டு வெவ்வேறு வகைகள் பக்கத்தில் இருந்தால் மகரந்தம் மாறிச் சேர்ந்து காய்ப்பு நன்றாகக் கூடும். மிசூரிப் பல்கலைக்கழகம் வெளியிட்ட பாப் கார்டன், வைல்டுவுட் என்ற வகைகளை இணையத்தில் எல்லோரும் புகழ்கிறார்கள். அவை அந்த வெப்பமான, நீண்ட கோடைக்கு ஏற்றவை. நமக்குப் பழுக்கும் முன்னே பனி விழுந்துவிடும் ஆபத்து உண்டு. நர்சரியில் பிளாக் லேஸ் என்று கருநீல இலையும் ரோஸ் பூவுமாக ஒன்று வைத்திருப்பார்கள். அழகுக்கு வாங்குங்கள், பழத்துக்கு வாங்காதீர்கள். அது ஐரோப்பிய வகை, முந்தைய ஆண்டுக் கிளையில்தான் பூக்கும். கிளை குளிரில் கருகினால் அந்த ஆண்டு பழம் இல்லை.

மண்ணைப் பற்றி எல்டருக்குப் பெரிய பிடிவாதம் கிடையாது. கொஞ்சம் அமிலத்தன்மை உள்ள, அதாவது கார அமில அளவு 5.5க்கும் 6.5க்கும் இடையில் உள்ள மண் பிடிக்கும். களிமண்ணையும் பொறுத்துக்கொள்ளும். ஈரம் வேண்டும், ஆனால் வாரக்கணக்கில் தண்ணீர் தேங்கக் கூடாது. அரை நாள் வெயில் கட்டாயம், முழு நாள் கிடைத்தால் பழம் கூடும். மே மாதத்தில் உறைபனி ஓய்ந்ததும் நடலாம். கன்றுக்குக் கன்று இரண்டு மீட்டர் விடுங்கள். இப்போது குச்சியாக இருப்பது மூன்றாம் ஆண்டில் உங்கள் தலைக்கு மேல் நிற்கும். பக்கத்து வீட்டு வேலியை ஒட்டி மட்டும் வைக்காதீர்கள். வேரிலிருந்து பக்கக்கன்றுகள் கிளம்பிக்கொண்டே இருக்கும், அவை வேலிக்கு அந்தப் பக்கம் முளைத்தால் வீண் மனவருத்தம்.

இதன் வேர் ஆழம் போகாது, மேல்மண்ணிலேயே பரவும். எனவே களைக்கொத்தியை வைத்துக் கிளறக் கூடாது. மரத்தூளோ உதிர்ந்த இலையோ ஒரு சாண் உயரம் மூடாக்காகப் போட்டுவிட்டால் களையும் வராது, ஈரமும் நிற்கும். முதல் கோடையில் வாரம் ஒருமுறை ஆழமாகத் தண்ணீர் ஊற்றுங்கள். வசந்தத்தில் இரண்டு கூடை கம்போஸ்ட் போதும். முதல் ஆண்டு வரும் பூவைக் கிள்ளிவிட்டால் செடி வேரைப் பலப்படுத்திக்கொள்ளும். எனக்கு இந்தச் செடியில் மிகப் பிடித்த குணம் ஒன்று உண்டு. இது ஜூன் கடைசியில்தான் பூக்கிறது. ஏப்ரல் கடைசியில் கொஞ்சம் வெயில் அடித்ததும் ஏமாந்து பூத்து, மே மாதப் பனியில் எல்லாவற்றையும் இழக்கும் ஆப்ரிகாட் படும் பாடு இதற்கு இல்லை.

கவாத்து மார்ச்சில், மொட்டு வெடிக்கும் முன். செத்த கிளை, ஒடிந்த கிளை, மூன்று வயதைத் தாண்டிய கிளை எல்லாவற்றையும் தரையோடு வெட்டுங்கள். இரண்டாம், மூன்றாம் ஆண்டுக் கிளைகள்தான் நன்றாகக் காய்ப்பவை. மிசூரி விவசாயிகள் ஒவ்வொரு குளிர்காலத்திலும் புதர் முழுவதையும் தரைமட்டமாக வெட்டிவிடுகிறார்கள். புதுத் தண்டிலேயே பூத்து, எல்லாக் கொத்தும் ஏறக்குறைய ஒரே சமயத்தில் பழுத்துவிடும், இயந்திர அறுவடைக்கு வசதி. நம் கோடை அதற்குப் போதாது. பழைய கிளைகளை விட்டுவைத்தால் பழம் சீக்கிரம் வரும், அதுதான் நமக்கு லாபம்.

பூச்சி, பறவை விஷயம். ராபினும் கேட்பேர்டும் வாக்ஸ்விங்கும் பழம் கறுக்கும் நாளை நம்மைவிடச் சரியாக அறிந்து வைத்திருக்கின்றன. வலை போடலாம். நான் ஒரு புதருக்கு மட்டும் வலை போட்டு மற்றதை அவற்றுக்கே விட்டிருக்கிறேன், அவை தெற்கே போகும் முன் சாப்பிட்டுப் போகட்டும். நீல உடம்பும் பொன்மஞ்சள் தோளுமாக ஒரு வண்டு வரும். அதன் புழு தண்டுக்குள் துளைத்துக்கொண்டு இருக்கும். தண்டு வாடினால் அந்தத் துளைக்குக் கீழே வெட்டி எறிந்தால் போதும், மருந்தடிக்கத் தேவையில்லை. உண்மையில் தொல்லை தருவது பழ ஈ, அதிலும் புள்ளிச்சிறகு டிரோசோஃபிலா என்கிற வகை. அது அழுகிய பழத்துக்குக் காத்திருக்காது, பழுக்கும் பழத்துக்குள்ளேயே முட்டையிடும். பழுத்ததும் பறித்து அன்றே ஃப்ரீசரில் வைத்துவிடுவதுதான் அதற்கு வழி.

பழத்துக்கு முன்னால் பூவைப் பற்றிச் சொல்ல வேண்டும். எங்கள் பக்கத்து வீட்டு அம்மாள் ஹாம்பர்க் பக்கம் பிறந்து வளர்ந்தவர். எங்கள் புதர் முதன்முதலாகப் பூத்தபோது கையில் கூடையுடன் வந்து நின்றார். பூவிலிருந்து சர்பத் செய்வதை அவர்தான் எனக்குக் கற்றுத்தந்தார். வெயில் ஏறி, பனி உலர்ந்த முற்பகலில், மொட்டுகள் எல்லாம் விரிந்த பூத்தட்டுகளாக இருபது, இருபத்தைந்து பறிக்க வேண்டும். கழுவக் கூடாது, மணமே மகரந்தத்தில்தான் இருக்கிறது. உதறிப் பூச்சியைப் போக்கினால் போதும். பச்சைக் காம்பை முடிந்தவரை கத்தரித்துவிட வேண்டும். ஒரு லிட்டர் தண்ணீரில் ஒரு கிலோ சர்க்கரையைக் கரைத்துக் கொதிக்கவிட்டு, ஆறியபின் பூவையும் இரண்டு எலுமிச்சையை வட்டவட்டமாக நறுக்கியும் போட்டு, நாற்பது கிராம் சிட்ரிக் அமிலம் சேர்த்து மூடி வையுங்கள். ஒரு நாள், அதிகம் போனால் இரண்டு நாள். மெல்லிய துணியில் வடிகட்டி ஃப்ரிட்ஜில் வைத்தால், வேண்டும்போது குளிர்ந்த தண்ணீரில் கலந்து குடிக்கலாம். நன்னாரி சர்பத்துக்குப் பழகிய நாக்குக்கு இது உடனே பிடிக்கும். என் பிள்ளைகள் சோடாவில் கலந்து குடிக்கிறார்கள். ஆஸ்திரியாவில் இந்தப் பூத்தட்டை அப்படியே மாவில் முக்கிப் பொரித்து, மேலே சர்க்கரை தூவித் தின்கிறார்கள். பஜ்ஜி போடத் தெரிந்த வீட்டில் அதற்குச் செய்முறை சொல்லத் தேவையில்லை. ஆனால் ஒரு கணக்கு நினைவிருக்கட்டும். பறித்த பூ பழமாகாது. மூன்றில் ஒரு பங்குக்கு மேல் பூவை எடுக்காதீர்கள்.

இப்போது நான் மிகவும் அழுத்திச் சொல்ல விரும்பும் பகுதி. எல்டர்பெரியைப் பச்சையாகச் சாப்பிடக் கூடாது. இலை, பட்டை, வேர், பச்சைக் காம்பு, பழுக்காத காய், பழத்தின் விதை இவற்றில் எல்லாம் சாம்புநிக்ரின் போன்ற சயனைடு தரும் பொருள்கள் உள்ளன. செடிக்குள் அவை சும்மா இருக்கும். நசுக்கும்போது, மெல்லும்போது நொதியோடு கலந்து ஹைட்ரஜன் சயனைடு வெளிப்படும். இது நமக்குப் புதிய கதையில்லை. மரவள்ளிக் கிழங்கில் இருப்பதும் இதே குடும்பத்துப் பொருள்தான். அதனால்தான் நம் வீடுகளில் மரவள்ளியை நன்றாக வேகவைத்து, கசப்புக் கிழங்கைத் தூர எறிந்தார்கள், இலங்கையில் பாத்திரத்தைத் திறந்து வைத்து அவித்தார்கள். ஹைட்ரஜன் சயனைடு சுமார் 26 டிகிரி செல்சியஸிலேயே ஆவியாகிவிடும். திறந்த பாத்திரத்தில் கொதித்தால் வெளியே போய்விடும். அதே விதிதான் எல்டர்பெரிக்கும். மூடி போடாமல் கொதிக்க வையுங்கள், அடுப்புக்கு மேல் மின்விசிறியைப் போட்டுவிடுங்கள்.

இது வெறும் புத்தக எச்சரிக்கை இல்லை. 1983 ஆகஸ்டில் கலிஃபோர்னியாவின் மான்டரே மாவட்டத்தில், ஊரை விட்டு ஒதுங்கிய ஓர் இடத்தில் கூடியிருந்த ஆன்மிகக் குழுவினர், காட்டு எல்டர்பெரியைப் பச்சையாக நசுக்கிச் சாறெடுத்துக் குடித்தார்கள். பழத்தோடு இலையும் கிளையும் சேர்ந்தே நசுங்கியிருந்தன. குடித்த கொஞ்ச நேரத்திலேயே பலருக்கு வாந்தி, வயிற்றுவலி, தலைச்சுற்றல், கைகால் மரத்துப்போதல். எட்டுப் பேரை ஹெலிகாப்டரில் ஏற்றி மருத்துவமனைக்குக் கொண்டுபோனார்கள். எல்லோரும் பிழைத்துக்கொண்டார்கள். அமெரிக்க நோய்க்கட்டுப்பாட்டு மையம் இதைப் பதிவு செய்து அடுத்த ஆண்டு வெளியிட்டது. உடலுக்கு நல்லது என்று நினைத்துக் குடித்தவர்கள் அவர்கள் என்பதுதான் என்னை இன்னும் உறுத்துகிறது. பச்சையாக இருப்பதெல்லாம் சத்து என்று ஸ்மூத்தியில் அடித்துக் குடிக்கும் பழக்கம் இப்போது நம் வீடுகளிலும் வந்திருக்கிறது. எல்டர்பெரியை மட்டும் அந்த மிக்ஸி ஜாரில் போட்டுவிடாதீர்கள். ஃப்ரீசரில் இருக்கும் பையின் மேலும் "வேகவைத்த பிறகு மட்டும்" என்று எழுதி ஒட்டுங்கள், வீட்டில் மற்றவர்கள் புளூபெரி என்று எடுத்துவிடக் கூடாது. குழந்தைகள் உள்ள வீட்டில் இன்னொன்று: தண்டின் சோற்றை எடுத்துவிட்டால் குழலாகிவிடும், ஊதல் செய்யத் தோன்றும். பச்சைத் தண்டில் செய்த ஊதலை வாயில் வைத்த பிள்ளைகளுக்கு நச்சேறியது உண்டு. ஒரு காலத்தில் இந்த நாட்டுப் பழங்குடிகளும் பிறகு வந்து குடியேறியவர்களும் இதே தண்டைக் குழலாக்கி மேப்பிள் மரத்தில் செருகிச் சாறு இறக்கியிருக்கிறார்கள். அது நன்கு காய்ந்த தண்டின் பயன்.

இந்த ஒரு விதியைக் கடைப்பிடித்தால் பயப்பட எதுவும் இல்லை. ஐரோப்பாவில் நூற்றாண்டுகளாகச் சமைத்துச் சாப்பிடும் பழம் இது.

அறுவடை ஆகஸ்ட் நடுவிலிருந்து செப்டம்பர் நடு வரை. கொத்து முழுக்கக் கறுத்து, கொத்தின் காம்பும் சிவந்து, தலைகவிழ்ந்து தொங்க வேண்டும். ஒரே புதரில் எல்லாக் கொத்தும் ஒரே நாளில் பழுக்காது, சில நாளைக்கு ஒருமுறை போய்ப் பார்த்துப் பறிக்க வேண்டும். கத்தரிக்கோலால் கொத்தோடு வெட்டி வாளியில் போடுங்கள். நன்றாக வளர்ந்த புதர் ஒன்றிலிருந்து ஐந்தாறு கிலோ வரை எதிர்பார்க்கலாம்.

அம்மா பயந்த ஆயும் வேலைக்கு வருகிறேன். பழத்தை ஈரமாக இருக்கும்போது கையால் உருவினால் நசுங்கும், கை ஊதாவாகும், காம்புத் துணுக்குகள் கலந்துவிடும். கொத்துகளை அப்படியே பெரிய பைகளில் போட்டு ஃப்ரீசரில் ஓரிரவு வைத்துவிடுங்கள். மறுநாள் கல்லாக உறைந்திருக்கும். பையை நாலு தட்டுத் தட்டிக் குலுக்கினால் பழம் மணிமணியாக உதிர்ந்துவிடும். கொஞ்சம் ஒட்டிக்கொண்டிருப்பதை முள்கரண்டியால் வாரினால் வந்துவிடும். உருகும் முன் வேகமாகச் செய்ய வேண்டும், எனவே ஒவ்வொரு பையாக வெளியே எடுங்கள். பிறகு பெரிய பாத்திரத்துத் தண்ணீரில் கொட்டினால் பழுக்காத பச்சைக்காயும் காம்பும் சருகும் மேலே மிதக்கும், பழுத்தது அடியில் நிற்கும். மிதப்பதை வழித்து எறிந்துவிடுங்கள். பாத்திரத்தில் பச்சை நிறப் பிசின் ஒன்று பிடித்துக்கொள்ளும். சோப்புக்கு அசையாது. சமையல் எண்ணெய் தடவித் தேய்த்துவிட்டுப் பிறகு சோப்புப் போடுங்கள், போய்விடும்.

இனிப் பாகு. ஆய்ந்த பழம் ஒரு கிலோ, தண்ணீர் ஒன்றரை லிட்டர், தட்டிய சுக்கு ஒரு துண்டு, பட்டை ஒன்று, நாலு கிராம்பு. மூடி இல்லாமல் கொதிக்கவிட்டு, பிறகு தீயைக் குறைத்து நாற்பது நிமிடம் வேகட்டும். கரண்டியின் பின்பக்கத்தால் மசித்துவிட்டு, துணியில் வடிகட்டுங்கள். விதையை அரைத்து எடுக்க வேண்டாம், சக்கை கம்போஸ்டுக்குப் போகட்டும். வடித்த சாற்றை மறுபடி அடுப்பில் ஏற்றி, அரைக் கிலோ சர்க்கரையோ பனங்கற்கண்டோ போட்டுக் கரையவிட்டு, இறக்கியதும் இரண்டு எலுமிச்சைச் சாறு. எங்கள் வீட்டில் பனங்கற்கண்டுதான். சுக்கும் பனங்கற்கண்டும் எல்டரின் கடுமையான மண்வாசத்தை அப்படியே அணைத்துக்கொள்கின்றன. தேன் சேர்ப்பதானால் ஆறிய பிறகு சேருங்கள். ஒரு வயது நிரம்பாத குழந்தைக்குத் தேன் கலந்தது எதுவும் கொடுக்கக் கூடாது.

பாகை எப்படிச் சேமிப்பது என்பதில் கவனம் வேண்டும். இங்கே ஜாம் போட்டுப் பாட்டிலை வெந்நீரில் மூழ்கவைத்து மூடி, அலமாரியில் வருடக்கணக்கில் வைக்கிறார்கள் அல்லவா? எல்டர்பெரிப் பாகை அப்படி வைக்காதீர்கள். பழம் புளிப்பாகத் தோன்றினாலும் அதன் அமிலத்தன்மை குறைவு, கார அமில அளவு 4.6ஐத் தாண்டிவிடுவதும் உண்டு. அந்த எல்லையைத் தாண்டிய உணவைக் காற்றுப்புகாமல் அடைத்தால், போட்டுலிசம் என்ற கொடிய நச்சை உண்டாக்கும் கிருமி வளர இடம் கிடைக்கிறது. பாகை ஃப்ரிட்ஜில் ஓரிரு வாரத்துக்கு மட்டும் வைத்துக்கொண்டு, மிச்சத்தை ஐஸ் தட்டில் ஊற்றி உறையவைத்து, கட்டிகளாகப் பையில் போட்டு ஃப்ரீசரில் வையுங்கள். காய்ச்சல்காரருக்கு ஒரு கட்டியை வெந்நீரில் போட்டால் ஒரு கோப்பை கஷாயம் தயார்.

காய்ச்சல் என்றதும் அடுத்த கேள்வி வரும். இது ஃப்ளூவைக் குணப்படுத்துமா? 1990களில் இஸ்ரேலிலும், 2004இல் வெளியான நார்வே ஆய்விலும், பாகு குடித்தவர்களுக்கு அறிகுறிகள் சில நாள் முன்னதாக விலகின என்று கண்டார்கள். நார்வே ஆய்வில் பங்கேற்றவர்கள் 60 பேர். 2020இல் கிளீவ்லேண்ட் கிளினிக் மருத்துவர்கள் 87 ஃப்ளூ நோயாளிகளிடம் செய்த சோதனையில் எந்தப் பலனும் தெரியவில்லை. எல்லாம் சின்ன ஆய்வுகள், ஒன்றுக்கொன்று முரண். இதை வைத்துக்கொண்டு எல்டர்பெரியை மருந்து என்று சொல்ல எனக்கு மனம் வராது. பிள்ளைக்கு மூச்சு இரைத்தால், காய்ச்சல் இறங்காவிட்டால் மருத்துவரிடம் போங்கள். தடுப்பூசிக்குப் பாகு மாற்று ஆகாது. கருநீலப் பழங்களுக்கு உரிய ஆந்தோசயனின் இதில் நிறைய இருக்கிறது, சூடாகக் குடித்தால் தொண்டைக்கு இதமாக இருக்கிறது, ருசியாக இருக்கிறது. ஓர் உணவுக்கு இந்தத் தகுதிகள் போதாதா? மருந்து என்ற பட்டத்தைக் கழற்றிவிட்டால்தான் இதைத் தாராளமாகச் சமைக்கத் தோன்றும். மருந்துக்கடையில் நின்றுவிட்ட இந்தப் பழம் நம் சமையலறைக்கு வர வேண்டும் என்பதே என் ஆசை.

சமையலில் இதற்கு நீண்ட வரலாறு உண்டு. இங்கிலாந்தில் போன்டாக் என்று ஒரு சாஸ் இருக்கிறது, லண்டனில் 17ஆம் நூற்றாண்டில் பெயர்பெற்றிருந்த ஒரு விடுதியின் பெயரால் வந்தது. எல்டர்பெரியை வினிகரில் மெல்ல வேகவைத்து, வெங்காயம், இஞ்சி, கிராம்பு, மிளகு சேர்த்துக் காய்ச்சுவார்கள். அதைப் படித்ததும் இது தொக்கேதான் என்று எனக்குத் தோன்றிவிட்டது. இப்போது நான் வேகவைத்து வடித்த கெட்டிச் சாற்றில் வினிகர் ஊற்றி, நல்லெண்ணெயில் கடுகு தாளித்து, சின்ன வெங்காயம், காய்ந்த மிளகாய்ப்பொடி, வெல்லம் போட்டு எண்ணெய் பிரியும்வரை சுண்டவைக்கிறேன். ஃப்ரிட்ஜில் வைத்துத் தயிர்சாதத்துக்குத் தொட்டுக்கொள்கிறோம். ஊறுகாய் தீர்ந்துபோன செப்டம்பருக்கு அருமையான துணை.

பக்கத்து வீட்டு அம்மாள் செய்வது சூப். வடக்கு ஜெர்மனியில் குளிர்காலத்தில் செய்வது. எல்டர் சாற்றை ஆப்பிள் துண்டுகளோடு கொதிக்கவிட்டு, லேசாகக் கெட்டியாக்கி, ரவையில் உருண்டை பிடித்து அதில் போட்டு, சூடாகக் கிண்ணத்தில் ஊற்றித் தருவார்கள். இனிப்பும் புளிப்பும் கலந்த அந்த ஊதாச் சாற்றில் ரவை உருண்டை மிதப்பதைப் பார்த்தால் என் வீட்டுக்காரருக்குப் பால் கொழுக்கட்டை ஞாபகம் வந்துவிடுகிறது. ஜெல்லி போடுகிறவர்களுக்கு ஒரு குறிப்பு: இந்தப் பழத்தில் பெக்டின் குறைவு, தானாக உறையாது. பாதிக்குப் பாதி புளிப்பு ஆப்பிள் சேருங்கள், எலுமிச்சையையும் தாராளமாகப் பிழியுங்கள்.

நிறம் இவ்வளவு ஆழமாக இருப்பதால் இந்தப் பழம் ஒரு காலத்தில் அரசாங்கத்தின் கோபத்துக்கும் ஆளாகியிருக்கிறது. 18ஆம் நூற்றாண்டில் போர்ச்சுகலின் டோரு பள்ளத்தாக்கில், வெளிறிய போர்ட் ஒயினுக்கு நிறமேற்ற எல்டர்பெரிச் சாற்றைக் கலந்தார்கள். ஒயினின் பெயர் கெட்டது. 1756இல் அந்தப் பகுதிக்கு எல்லை வகுத்துச் சட்டம் கொண்டுவந்த பொம்பால் பிரபுவின் ஆட்சியில், அங்கிருந்த எல்டர் மரங்களை வேரோடு பிடுங்கச் சொன்னார்கள். அதே வட்டாரத்தில், டோருவுக்குத் தெற்கே வரோசா பள்ளத்தாக்கில் இன்று விவசாயிகள் எல்டரை வருமானப் பயிராக வளர்த்து விற்கிறார்கள். என் வெள்ளைப் பருத்தித் துணி ஒன்றைச் சக்கையோடு கொதிக்கவைத்து, படிகாரம் போட்டு எடுத்தேன், மெல்லிய ஊதா ஏறியது. வெயிலில் சீக்கிரம் வெளுத்துவிடும், நெடுநாள் உடுத்தும் துணிக்கு இது ஆகாது.

கன்று வாங்கக் காசு செலவழிக்க வேண்டாம், வைத்திருப்பவரிடம் போத்துக் கேளுங்கள். மார்ச்சில் கவாத்து செய்யும்போது வெட்டி எறியும் கிளைகளில், பென்சில் பருமனில் போன ஆண்டு வளர்ந்ததைத் தேர்ந்தெடுத்து, ஒரு சாண் நீளத்துக்கு, இரண்டு மூன்று கணு இருக்கும்படி நறுக்குங்கள். அடிப்பக்கத்தைச் சாய்வாகவும் நுனியை நேராகவும் வெட்டினால் தலைகீழாக நட்டுவிடாமல் இருக்கலாம். அடிக்கணு மண்ணுக்குள், மேல்கணு வெளியே இருக்கும்படி ஈர மண்ணில் செருகி நிழலில் வையுங்கள். வேர் பிடிக்க இதற்கு எந்தப் பொடியும் தேவைப்படவில்லை. பால்கனி மட்டும் உள்ளவர்களுக்கு என்னால் உற்சாகம் சொல்ல முடியவில்லை. தொட்டியில் பூக்கும், ஆனால் இவ்வளவு தண்ணீர் குடிக்கும் செடிக்குத் தொட்டி போதாது. சமூகத் தோட்டத்தில் ஓர் ஓரம் கேட்டுப் பாருங்கள், வேலிப்பக்கம் யாரும் எடுக்காத ஈர மூலை ஒன்று எப்போதும் இருக்கும். நோவாவிலும் யார்க்கிலும் போத்து நான் மார்ச்சில் நறுக்குவேன். இரண்டு வகையிலும் ஒவ்வொன்று எடுத்துக்கொள்ளுங்கள், ஒன்றை மட்டும் கேட்டால் தரமாட்டேன்.